அங்கமுத்துவின் கால்கள்

அங்கமுத்துவை நடக்க வைத்த டாக்டர் என்று ராசிபுரத்துப் பக்கம் இன்றைக்கும் என்னைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடத் தோன்றும்.

என் பெயர் வெங்கடாசலம். எல்.எம்.பி. படித்த சாதாரண டாக்டர். ராசிபுரத்தில் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தேன். அதற்கு முன்னால் மூன்று வருஷம் கல்கத்தாவில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு மேலே இருந்த வங்காளி டாக்டர் பேச்சை வைத்தே வைத்தியம் பார்ப்பார். நோயாளியைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, அவன் கண்ணில் படாமல் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மனதில் என்ன வருகிறதோ அதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்வார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். நோயாளியைத் தொடக் கூடாது, அறையில் மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது என்பவை அவருடைய சட்டங்கள். கை விளங்காமல் வந்த ஒரு தபால்காரர் ஏழு மாதம் பேசிவிட்டு அதே கையால் என்னைக் கும்பிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவனுக்கு அந்த வித்தையின் மேல் ஒரு பைத்தியம் பிடிக்காமல் இருக்காது.

ராசிபுரத்தில் அதற்கு வேலை இல்லை. மலேரியா, சிரங்கு, வயிற்றுப்போக்கு, பிரசவம் என்று ஆறு வருஷம் ஓடியது. 1943 ஆடி மாதத்தில்தான் கண்ணாத்தாள் வந்தாள்.

ஊருக்குத் தெற்கே நாலு மைலில் அவர்கள் பயிர் செய்கிற காடும் வீடும். இரண்டரை வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். புருஷன் அங்கமுத்துவுக்கு மாசி மாதத்திலிருந்து இரண்டு காலும் விளங்கவில்லை. சேலம் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்று. ஊசியால் குத்திப் பார்த்து, நரம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் நடக்கவில்லை என்று தெரியவில்லை என்று அனுப்பிவிட்டாராம். கோயிலில் மூன்று வாரம் படுக்க வைத்தும் பலனில்லை.

கல்யாணமானதும் இருவரும் ரங்கூன் போனவர்கள். அங்கே அங்கமுத்துவின் அக்கா பொன்னாயி குடும்பம் இருந்தது. இவனுக்கு அரிசி மில்லில் வேலை. ராசாத்தி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டாவது பிரசவத்துக்குக் கண்ணாத்தாள் மட்டும் ஊருக்கு வந்தாள். அத்தையை விட்டு வரமாட்டேன் என்று அழுத ராசாத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். பையன் பிறந்து ஒரு வருஷத்துக்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது. பொன்னாயி அதில் செத்துப்போனாள். அங்கமுத்து ஆறு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, லட்சம் ஜனத்தோடு ஜனமாக, மலையும் காடும் கடந்து அசாம் பக்கம் நடந்தே வந்தான். வந்து சேர்ந்தது அவன் மட்டும். பிள்ளை வழியில் காலராவில் இறந்துவிட்டது, தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தேன் என்று சொன்னான்.

வந்து ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தானாம். ஏர் ஓட்டினான், தண்ணீர் இறைத்தான். மாசி மாதத்தில் ஒரு நாள் பையனைக் காட்டில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் குடிக்கப் போனவன், திரும்பி வரும்போது பாதி வழியில் விழுந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"கட்டை மாதிரி கெடக்கறாருங்க. என்ன கேட்டாலும் பேச மாட்டேங்கறாரு. அந்தக் காலு மட்டும் வந்துட்டாப் போதுமுங்க சாமி" என்றாள்.

நான் மறுநாளே சைக்கிளில் போனேன். எத்தனையோ வருஷம் கழித்து என் வித்தைக்கு ஒரு ஆள் கிடைத்தான் என்ற சந்தோஷம் எனக்குள் இருந்தது. இதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அங்கமுத்துவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நல்ல உயரம். முகத்தில் எந்தக் குறையும் தெரியாது. தொடையும் கெண்டைக்காலும் விறைத்துக் கல்லாக இருந்தன. கல்கத்தாவில் பார்த்தபடியே கட்டிலைப் போடச் சொல்லி, மற்றவர்களை வெளியே அனுப்பி, தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டு மாதத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்தேன். மழை வருமா என்று கேட்பான். ஆடு கத்துகிறது என்பான். மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கனவு வருமா என்று கேட்டேன். வராது என்றான். ராசாத்தி பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான்.

புரட்டாசியில் ஒரு நாள் நான் வழக்கத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். உள்ளே இன்னொருவர் இருந்தார். சென்னியப்பன். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுக் கட்டுகிறவர், சுளுக்கு எடுக்கிறவர், சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றவர். எனக்குச் சொல்லாமல் கண்ணாத்தாள் அவரை அழைத்து வந்திருந்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சூடான எண்ணெயைத் தொட்டு அங்கமுத்துவின் கெண்டைக்காலைப் பிடித்திருந்தார். நீவவில்லை, அமுக்கவில்லை, வெறுமனே பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அங்கமுத்துவின் கால் நடுங்க ஆரம்பித்தது. பனியில் நனைந்த குட்டி ஆடு மாதிரி நடுக்கம் தொடை வரை ஏறியது. அந்த நடுக்கத்துக்குள்ளிருந்து அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"இங்கியே இரு கண்ணு. தண்ணி கொண்டாரேன்."

இரண்டு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைக்காதது அவர் கைக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெளியே வந்ததும் அவரிடம் விசாரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். இந்த உடம்பில் ஒடிந்தது ஒன்றுமில்லை, ஆனால் எந்நேரமும் எதையோ தூக்கிக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறான், மூச்சை விட்டால் கால் இளகுகிறது, கால் இளகினால் பயந்துபோய் மறுபடி பிடித்துக்கொள்கிறான் என்றார். கல்கத்தாவில் மூன்று வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். அவர் கால்மாட்டில், நான் தலைமாட்டில். அவர் உடம்பைத் திறக்கட்டும், வருகிற பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"நடுங்கறப்பக் கேள்வி கேக்காதீங்க. நடுங்கி முடிச்சு, தூங்கி எந்திரிக்கட்டும். அதுக்கப்பறம் அவனாச் சொன்னாச் சொல்லட்டும்."

நான் சரி என்றேன்.

கல்கத்தா டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தெருவெல்லாம் பஞ்சத்தில் செத்தவர்கள் கிடக்கும்போது மனசைப் பற்றி எழுதவே கூசுகிறது என்று ஆரம்பித்திருந்தார். தொடுகிற வைத்தியம் தப்பு என்று தான் சொல்லப் போவதில்லை, உடம்பு திறந்துகொள்ளும், ஆனால் திறந்த பிறகு உள்ளிருந்து வருவதை அந்த மனிதன் தாங்குவானா என்பதை நீதான் பார்க்க வேண்டும், அவசரப்படாதே, வீட்டு மனிதர்களை அந்த அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தார். அதைப் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி முழுவதும் நன்றாக நடந்தது. திங்களும் வெள்ளியும் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு போவோம். சென்னியப்பன் காலைப் பிடிப்பார். நடுக்கம் வரும், போகும். அங்கமுத்து அரை மணி தூங்குவான். எழுந்து கொஞ்சம் பேசுவான். மில்லின் உமி வாசனையைப் பற்றிப் பேசினான். அக்கா பொன்னாயியின் கையில் குத்தியிருந்த பச்சையைப் பற்றிப் பேசினான். பெரிய ஆற்றைப் படகில் கடந்ததையும், வழியெல்லாம் ஜனங்கள் போட்டுவிட்டுப் போன தையல் மெஷின்களையும் பித்தளைக் குடங்களையும் பற்றிப் பேசினான். ஒரு வெள்ளிக்கிழமை இடது கால் பெருவிரல் அசைந்தது. அவனே அதைப் பார்த்துச் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எண்ணெய் சூடாகவே இருக்க வேண்டும் என்பதால் கண்ணாத்தாள் அடுப்படியில் இருப்பாள். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே மார்பளவு மண்சுவர்தான். ஆறிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சூடான கிண்ணத்தைச் சுவர்மேல் வைப்பாள். என் பையில் இருந்த கடிதம் எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அவளை வெளியே அனுப்பினால் எண்ணெய்க்கு என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரையாவது காய்ச்சச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. வெளியே தூறல். அன்றைக்கு நடுக்கம் தொடையோடு நிற்காமல் வயிற்றுக்கு ஏறி நெஞ்சுக்கு வந்தது. பல் கிட்டித்தது. சென்னியப்பன் எண்ணெய்க் கையை எடுத்துவிட்டு அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கூப்புடறா" என்றான் அங்கமுத்து.

சென்னியப்பன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்காதே என்று அர்த்தம். எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் நாலு மாதமாக நான் காத்திருந்த கதவு திறந்திருந்தது. தூங்கி எழுந்தால் மூடிக்கொள்ளும் என்று பயந்தேன். குனிந்து, யார் கூப்பிடுகிறது என்று கேட்டேன்.

சொன்னான். நடுங்கிக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டே, ஒரே மூச்சில் சொன்னான்.

மலை ஏற ஆரம்பித்துப் பதினோரு நாள் அவளைத் தோளில் தூக்கி வந்திருக்கிறான். பத்தாம் நாளிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. இவனுக்கும் காய்ச்சல். பதினோராம் நாள் மத்தியானம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். ஒரு மரத்தில் சாய்த்து உட்கார வைத்து, தன் துண்டைப் போர்த்திவிட்டு, தகர டப்பாவோடு கீழே ஓடைக்கு இறங்கினான். வயிறு முட்டக் குடித்தான். டப்பாவை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"முப்பது அடி ஏறோணுமுங்க. முப்பதே அடி. காலு ஏறுலீங்க. ஓடையோரமா இன்னொரு தடத்துல சனம் போய்ட்டு இருந்துது. காலு அங்க திரும்பிருச்சுங்க. நாம் போவுலீங்க, காலு போச்சுங்க. ஐயா ஐயான்னு கூப்புட்டா. ரொம்ப தூரத்துக்குக் கேட்டுதுங்க."

பொழுது சாய்ந்த பிறகு அந்த டப்பாத் தண்ணீரையும் தானே குடித்ததாகச் சொன்னான்.

நான் தலையைத் தூக்கியபோது மண்சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாத்தாள் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் எண்ணெய்க் கிண்ணம். அது சுட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"உசுரு இருந்துதுங்களா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாளா அவனிடமா என்று புரியவில்லை.

அங்கமுத்து கண்ணைத் திறந்தான். அவள் அங்கே இருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இருந்துது" என்றான்.

அவள் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அழுகைச் சத்தம் கேட்கும் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கிற சத்தம்தான் கேட்டது.

அங்கமுத்துவின் கால்கள் சென்னியப்பனின் மடியில் தொளதொளவென்று இளகிக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். சூடாக, சாதாரண மனிதனின் கால்களாக இருந்தன.

மூன்றாம் நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டாம் நாள் கிணறு வரை தானாகவே போய்வந்தான். அந்த எட்டு நாளும் கண்ணாத்தாள் சோறு போட்டாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கிணற்றிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபின், பையனைத் தூக்கிக்கொண்டு ஓமலூர்ப் பக்கம் தன் அண்ணன் செங்கோடன் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகிற வழியில் டிஸ்பென்சரிக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள்தான் பேசினாள்.

"நடக்கறாருங்க. நாங்கேட்டது அதுதானுங்களே. உங்க மேல ஒண்ணும் இல்லீங்க."

அவள் போன பிறகு அன்றைக்கு நான் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை.

அங்கமுத்துவைத் தனியே விட்டுவிடக் கூடாது என்று அடுத்த நாள் போனேன். நடந்ததை ஆற வைக்க வேண்டும், இனிமேல்தான் வைத்தியமே ஆரம்பம் என்று சொன்னேன். சென்னியப்பனும் வந்தார். அங்கமுத்து மறுக்கவில்லை. படுத்தான். சென்னியப்பன் கை வைத்தபோது கால் நடுங்கவில்லை, விறைக்கவும் இல்லை. பேச்சும் வரவில்லை. இரண்டு வாரம் அப்படிப் போனது. மாசி மாதம் கிணற்றுக்குப் போனவன் மரத்தடிப் பையனிடம் திரும்ப முடியாமல் ஏன் விழுந்தான் என்று எனக்கு இப்போது விளங்கியது. அதை அவனுக்கு விளக்கினேன். அந்தக் கால்கள் தங்களுக்குத் தாங்களே தண்டனை போட்டுக்கொண்டன என்றேன். அவன் முழுவதும் கேட்டான்.

"அப்ப அது பாட்டுக்கு இருந்திருக்கலாமுங்களே" என்றான். பிறகு, "பழையபடி பண்ண முடியுமுங்களா?" என்று கேட்டான்.

நான் முதலில் புரியாதவன் போல இருந்தேன். அவன் காலைத் தட்டிக் காட்டினான். முடியாது என்று சொன்னேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். நாலு மைல் நடந்து டிஸ்பென்சரிக்கே வந்தான். சேலத்தில் பட்டாளத்துக்குக் கூலி ஆள் எடுக்கிறார்கள், அசாமில் ரோடு போட, போய்க் கேட்டேன், இவன் கால் விளங்காதவன் என்று ஊர்க்காரன் எவனோ சொல்லிவிட்டான், கால் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என்றான்.

அந்த ரோடு எந்த மலைக்குப் போகிறது என்று பேப்பர் படிக்கிற எனக்குத் தெரியும். எதற்குப் போகிறாய் என்று கேட்டேன்.

"அந்த ஓடை எனக்குத் தெரியுமுங்க. மேல ஏறிப் பாத்துட்டு வாரேனுங்க."

இரண்டு வருஷம் ஆகிறது அங்கமுத்து, என்ன இருக்கும் என்று கேட்டேன். என்ன இருக்குமோ அது இருக்கட்டும் என்றான். நடக்க இவன் லாயக்கில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது பொய்யாக இருந்திருக்கும். ஆனால் அவன் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான். மறுபடி தடுத்து வைக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். என் வைத்தியத்தால் நடக்கிறான் என்று என் கையெழுத்திலேயே எழுதிப் பார்க்கிற ஆசையும் ஒரு மூலையில் இருந்ததா என்று பிறகு பல தடவை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தேன். இரண்டு கால்களும் பூரண பலத்தோடு இருக்கின்றன என்று.

சென்னியப்பனிடம் இதைச் சொன்னேன். "கேக்காம இருந்திருக்கலாமுங்க டாக்டரு" என்றார். அன்றைக்குக் கட்டிலருகே நான் கேட்ட கேள்வியையா, இரண்டு வைத்தியத்தையும் சேர்க்கலாமா என்று முதலில் அவரையே நான் கேட்டதையா என்று தெரியவில்லை. போகும்போது, தன் கையும் அதில் சேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனியில், சர்டிபிகேட்டில் இருந்த என் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கமுத்துவோடு போன கந்தன் என்ற ஜலகண்டாபுரத்து ஆள் யாரையோ வைத்து எழுதியிருந்தான். மணிப்பூர் ரோடு என்கிற ஸ்டேஷனில் இறங்கிய நாலாம் நாளே அங்கமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது. முகாம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தான். பிப்ரவரி பதினேழாம் தேதி காலையில் போய்விட்டான். முகாமிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அது வரைக்கும்கூட அவன் போகவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சல்தான் காரணம் என்று கந்தன் எழுதியிருந்தான்.

ஓமலூருக்கு நானே போனேன். சேலம் வரைக்கும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ், இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். சேலத்தில் வேறு பஸ் பிடித்து, பிறகு நடந்தேன். கண்ணாத்தாள் அண்ணன் காட்டில் பாறைமேல் மிளகாய்ப் பழம் பரப்பிக்கொண்டிருந்தாள். பையன் பாறை நிழலில் தூங்கினான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த உடனே விஷயம் தெரிந்துகொண்டாள். கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கையில் இருந்த பழங்களைக் கீழே வைத்துவிட்டுப் பாறையிலேயே உட்கார்ந்தாள்.

"அங்க போயிச் சேரலீங்களா?"

இல்லை என்றேன்.

தேதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தமிழில் என்ன நாள் என்று கேட்டாள். மாசி ஐந்து, வியாழக்கிழமை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அவள் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மிளகாய் நெடியில் எனக்குக் கண் எரிந்தது.

"புள்ளைக்கு வருசா வருசம் வெளக்கு வெக்க ஒரு நாளு இல்லீங்க" என்றாள். "எப்பப் போச்சுன்னு யாருக்குந் தெரியாது. அன்னிக்கே போச்சோ, மக்யா நாளு வரைக்கும் கெடந்துச்சோ. இதே நாளை அவளுக்கும் வெச்சுக்கலாமுங்களா?"

வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து, மிச்சப் பழத்தைப் பரப்பப் போனாள்.